பழைய துவக்குக்குப் புதுச் சோங்கு

ஏப்ரல் 12, சனி

காலை அழுத்தம் 148/90. மாலை 142/88. குளிசைகள் கொடுத்தாயிற்று.

இந்தக் கொப்பி வைத்தியசாலையில் தந்தது. பக்கவாதம் வந்த என் கணவரை வீட்டுக்கு அனுப்பும்போது இரத்த அழுத்தத்தை எழுதி வைக்கச் சொன்னார்கள். கட்டங்கள் மிகச் சிறியவை. அதனால் மற்றதைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இவருக்கு இடது கையும் காலும் இன்னும் வழிக்கு வரவில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடுகிறதாம். மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, கறி காணாது என்றார். கோப்பையைத் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் தின்றார்.

பின்வீட்டு ஆர்வோ மீன் கொண்டு வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பின்லாந்துக்காரர். இந்தத் தண்டர் பே ஊரில் இவருக்கென்று இருக்கும் ஒரே கூட்டாளி. நவம்பர் வந்தால் இரண்டு பேரும் மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கு ஆர்வோ முன்னால் இருந்து பனி உருகியதைப் பற்றிப் பேசினார். இவர் அணைத்துக் கிடந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது இவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "துவக்கு எங்கை கிடக்கு?"

இவ்வளவு நாளும் அவராக ஒன்றும் கேட்டதில்லை. இவருடைய தொழிலே லொறி ஓட்டுவது; அந்த அனுமதி இனிக் கிடைக்காது என்று போன கிழமை சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து முகம் வழிப்பதும் இல்லை. கராஜில் பூட்டின அலுமாரிக்குள்தான் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

அது ஒரு பழைய 303. இரண்டாம் உலகப் போருக்கென்று செய்த இராணுவத் துவக்கு. போர் முடிந்து மிஞ்சியதைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். ஊரில் பொலிஸ்காரனின் தோளில் தொங்கியதும் இதே சாதிதான். அதைக் கண்டால் நாங்கள் ஒழுங்கைக்குள் ஓடுவோம். இவர் இங்கே அதையே வாங்கிக்கொண்டு வந்தபோது நான் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இவரே என்னையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்துவிட்டு, எனக்கும் அனுமதிப் பத்திரம் எடுத்துத் தந்தார்.

கராஜில் இந்த முறை ஈரம் கூட. போல்ட் துருப்பிடித்துவிடும். ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற இரும்பு அது. அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் தடி. கழற்றித் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். நான் பல் கட்டும் லாப்பில் வேலை செய்கிறேன். அங்கே என் மேசை லாச்சிக்குப் பூட்டு உண்டு. ஈரமும் இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ரவைப் பெட்டிகளை ஆர்வோவிடம் கொடுத்தேன். அலுமாரியில் இடம் காணாது என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

ரொறன்ரோவிலிருந்து மகள் நிலானி போன் எடுத்தாள். அந்தத் துவக்கை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், விற்கச் சொன்னாள். விற்றால் ஏன் விற்றேன் என்று அப்பாவுக்கு விளங்கிவிடும் என்றேன். என்ன விளங்கும் என்று கேட்டாள். அடுப்பில் கறி கிடக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் இவர் துவக்கைக் கொண்டுவரச் சொன்னார். வெறும் தடிதானே என்று கொண்டுவந்து மடியில் வைத்தேன். வலக்கையால் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தார். முன்பக்கத்தைத் தாங்க இடக்கை எழும்பவில்லை. குழல் சரிந்து மேசையில் அடித்து, கிளாஸ் விழுந்து உடைந்தது. கண்ணாடித் துண்டுகளை நான் பொறுக்கும்போது, "உதுக்கும் உதவாமப் போட்டன்" என்றார்.

"துவக்குத்தான் பாரம்" என்றேன். "அதை மாத்தலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஜூன் 14, சனி

பெட்டி வந்தது. பழைய மரத்துக்குப் பதிலாகக் கறுப்பு பிளாஸ்ரிக்கில் செய்த சோங்கும் முன்கட்டையும். சோங்கு தோளில் ஊன்றுகிற பகுதி, முன்கட்டை குழலுக்குக் கீழே கை தாங்குகிற பகுதி. மரத்தோடு பார்த்தால் பாரம் எவ்வளவோ குறைவு. கூடவே தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஒரு ஸ்கோப்பும், அதைப் பூட்டும் தாங்கியும் எடுப்பித்தேன். முந்தி இவர் இரும்புக் குறியை வைத்தே சுடுவார். இப்போது அதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாது.

பெட்டியைத் திறக்கும்போது இவர் கதிரையைத் தானே தள்ளிக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

சோங்கைக் கழற்ற நீளமான ஸ்குறூ றைவர் வேண்டும். ஆர்வோவிடம் வாங்கினேன். சோங்கின் பின்தகட்டை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நீட்டு ஆணியைத் திருகப் போனேன். இவர் சத்தம் போட்டார். முன்மரத்தை முதலில் கழற்றாமல் அதைத் திருகினால் முன்மரம் பிளந்துபோகுமாம். சத்தம் போட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முன்மரத்தைக் கழற்றும்போது அதைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. இவருடைய இடக்கையை எடுத்து மரத்தின் மேல் வைத்து, வழுக்காமல் பிடியுங்கோ என்றேன். கைப் பயிற்சிக்கென்று பிசியோ பிள்ளை கொடுத்த ரப்பர் பந்தை இவர் தொட்டும் பார்ப்பதில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்தன. விடவில்லை.

அழுத்தம் எடுக்க மறந்துபோனேன்.

ஜூலை 6, ஞாயிறு

புது முன்கட்டை இரும்போடு சரியாகப் பொருந்தவில்லை. எங்கே முட்டுகிறது என்று பார்க்க லாப்பிலிருந்து நீலத் தாள் கொண்டுவந்தேன். கட்டின பல் எங்கே உயரமாகக் கடிக்கிறது என்று பார்க்கிற தாள்தான். இடையில் வைத்து அமுக்கினால் முட்டுகிற இடத்தில் நீலம் ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். இது எனக்குத் தினமும் செய்கிற வேலை. "துவக்குக்கும் பல்லுக் கட்டுறீரோ?" என்று கேட்டார்.

பிறகு இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் வாஸ்லின் பூசி, இடைவெளிக்குள் பிசின் வார்த்து இறுக விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பிசின் வார்ப்பு சரியில்லை. சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வார்த்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்னொருமுறை வார்த்தேன். ஒரு மூலையில் சிறிய காற்றுக் குமிழி இருந்தது. லாப்பில் இப்படி ஒரு பல் வந்திருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். ஆனால் இது துவக்கு, கவனமாக இருக்க வேண்டும். இவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

அழுத்தம் 134/84. கம்பை ஊன்றிக்கொண்டு தபால்பெட்டி வரை நடந்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பழைய இரும்புப் பின்குறியைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே தாங்கியைப் பூட்டினேன். புதிதாகத் துளை போடத் தேவையில்லை. ஸ்கோப் மேலே ஏறிய பிறகு வேறு பிரச்சினை வந்தது. அது உயரத்தில் நிற்கிறது. கன்னத்தைச் சோங்கில் வைத்தால் கண் கீழே நிற்கிறது; கண்ணை உயர்த்தினால் கன்னம் அந்தரத்தில் நிற்கிறது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பார்? சோங்கின் மேல் கன்னத்துக்கு ஒரு திண்டு செய்ய வேண்டும்.

அச்செடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பல் அச்செடுக்கிற மாவைத் தண்ணீரில் குழைத்துச் சோங்கின் மேல் அப்பினேன். குசினி மேசையில் துவக்கை மணல் மூட்டையில் தாங்கி வைத்து, இவரைக் கதிரையில் இருத்தி, ஸ்கோப்புக்குள்ளால் வேலியைப் பார்க்கச் சொன்னேன். கண் நேராக வந்ததும் வலது கன்னத்தை மாவின் மேல் அமுக்கிப் பிடித்தேன்.

அது இறுகும்வரை அசையக் கூடாது. ஒரு கையால் தலையையும் மற்றக் கையால் தாடையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிக்க வார்க்கிறேன், உடுப்புப் போட்டுவிடுகிறேன், காலுக்கு எண்ணெய் பூசுகிறேன். ஆனால் இவருடைய முகத்தை இப்படிப் பிடித்துக் கனகாலம். காலையில் முகம் வழித்திருந்தார் என்பதை அப்போதுதான் கண்டேன். கன்னம் ஒட்டிப்போய், எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"இறுகீட்டுதோ?" என்று கேட்டார்.

இல்லை, இன்னும் கொஞ்சம் என்றேன். அது எப்போதோ இறுகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திண்டு வந்துவிட்டது. லாப்பில் மிஞ்சிக் கிடந்தது கட்டுப்பல்லின் முரசுக்கு, ஈறுக்கு, போடுகிற பிசின்தான். அதனால் கறுப்புத் துவக்கின் மேல் இளஞ்சிவப்பு முரசு நிறத்தில் திண்டு. ஆர்வோ பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். பெயின்ற் அடிக்கலாம் என்றேன். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

செப்டம்பர் 13, சனி

சுட்டுக் குறி பார்க்கப் போக நாள் வைக்கலாம் என்று ஆர்வோ வந்தார். இவர் குளியலறையில் இருந்தார். முன்கட்டை இன்னும் முடியவில்லை, ஒக்டோபர் கடைசி ஆகும் என்றேன். ஆர்வோ துவக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

நான் துவக்கை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணி செத்த பிறகு அண்ணன் ஒரு மாதிரி ஆகிவிட்டாராம். குடும்பமே அவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு சாமானாக ஒளித்ததாம். முறை வைத்துக் காவலும் இருந்ததாம். இருந்தும் அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லையாம். "மிகவும் கவனமாக இருந்தோம்" என்றார். "ஆனால் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை."

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலைச் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏப்ரல்லை துவக்கு எங்கையெண்டு ஏன் கேட்டனீங்கள்?"

இவர் பாணை மென்று முடித்தார். "உமக்குத் தெரியும்தானே. அண்டைக்கே போல்ட்டைக் கழட்டிப்போட்டீர்."

அன்றைக்கு நான் வேலைக்குப் போன பிறகு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கராஜுக்குப் போயிருக்கிறார். தன் சாவியால் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ரயர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் கனநேரம் இருந்தாராம்.

"முதல்லை கோவம்தான் வந்தது. பேந்து, இவள் கண்டிட்டாள், இனி நான் தனிய இல்லையெண்டு ஒரு ஆறுதல். ஆனா உம்மடை முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடந்தது. அதாலைதான் கதைக்கேல்லை."

"இப்பவும் அந்த நினைப்பு வருதோ?"

"சில நாளைக்கு வரும். முந்தின மாதிரி இல்லை. துவக்கு வேலை நடக்கிற நாளிலை வாறேல்லை."

வேலை முடியக்கூடாது என்றுதான் பிசினைச் சுரண்டிச் சுரண்டித் திரும்ப வார்த்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும்" என்றார். "முதல் வார்ப்பே திறமாத்தான் இருந்தது."

இடக்கையை மேசைக்கு மேலால் தள்ளிக்கொண்டு வந்து என் மணிக்கட்டின் மேல் வைத்தார். அந்தக் கை பாரமாக இருந்தது. எடுக்க விடவில்லை நான்.

பிறகு, எல்லாவற்றையும் ஆர்வோ வீட்டில் கொண்டுபோய் வையும் என்று அவராகவே சொன்னார். வீட்டில் இல்லாவிட்டால் தனக்கும் நல்லதாம். பின்னேரமே ஆர்வோ வந்து துவக்கைக் கொண்டுபோனார். நான் லாப்புக்குப் போய் லாச்சியைத் திறந்து போல்ட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வைத்தியரிடம் போனோம். நான் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். இவரே சொன்னார். ஆங்கிலத்தில் சொற்கள் காணாத இடத்தில் மட்டும் என்னைப் பார்த்தார். பக்கவாதம் வந்தவர்களில் கனபேருக்கு இப்படி வரும், அது உங்களுடைய பிழை இல்லை என்று வைத்தியர் சொன்னார். புதுக் குளிசை ஒன்று தந்தார். தமிழில் பேசுகிற ஆலோசகர் ஒருவரைத் தொலைபேசியில் ஒழுங்கு செய்தார். வேட்டையைப் பற்றி ஒக்டோபரில் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் இவர் நிலானிக்குப் போன் எடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பிறகு அவள் எனக்கு எடுத்து அழுதாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றைக்கு நல்ல நாள் இல்லை. கட்டிலை விட்டு எழும்பவில்லை. என்ன செய்யுது என்று கேட்டேன். அது வந்திருக்கு என்றார். ஆலோசகருக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

வைத்தியர் போகலாம் என்றார். தனியாக ஒருபோதும் இல்லை, துவக்கு ஆர்வோ வீட்டிலேயே இருக்க வேண்டும், ஆலோசகரோடு பேசுவதை விடக்கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். அழுத்தம் 128/82.

ஒக்டோபர் 11, சனி

சுடுகளத்துக்குப் போனோம். முதலில் போல்ட் இல்லாமல் துவக்கை மூட்டையில் வைத்து, குழலுக்குள்ளால் தூரத்துக் குறி அட்டையைப் பார்த்து, ஸ்கோப்பின் சிலுவைக் கோட்டை அதே இடத்துக்குத் திருப்பினேன். அதற்குப் பிறகு ஆர்வோ தன் பெட்டியிலிருந்து போல்ட்டை எடுத்து இவருடைய வலக்கையில் வைத்தார். இவர் அதைப் பூட்டினார். முதல் வெடிக்கு நான்தான் துள்ளினேன்.

வெடி இடப்பக்கம் கீழே விழுந்தது. ஸ்கோப்பைத் திருகினேன். திரும்பச் சுட்டார். திரும்பத் திருகினேன். கடைசியாகச் சுட்ட மூன்றையும் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையால் மூடலாம். ஆர்வோ அட்டையைக் கழற்றி இவரிடம் கொடுத்தார். இவர் அதை என்னிடம் தந்தார்.

தோள் கன்றிப்போயிருந்தது. ஐஸ் வைத்துவிட்டேன். பசிக்குது என்று இரண்டு தரம் சொன்னார்.

நவம்பர் 8, சனி

விடிய முதலே வெளிக்கிட்டோம். நல்ல பனி. மூன்று பேரும் செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும். ஆர்வோவின் காணியின் ஓரத்தில் பலகையால் அடித்த ஒரு சின்னக் கொட்டில் இருக்கிறது. இவரை நாங்கள் இரண்டு பேரும் தாங்கிக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே இருத்தினோம். துவக்கின் முன்பக்கத்தை ஜன்னல் பலகையில் மூட்டை வைத்துத் தாங்கினோம். நான் இடப்பக்கம் இருந்தேன்.

குளிரில் கால் விறைத்தது. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணீர் முடிந்தது. இனி வராது என்று நினைத்தபோது மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு கிடாய் மான் வெளியே வந்தது. நின்று, தலையைத் தூக்கி, காதை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தது. இவர் கன்னத்தைத் திண்டில் வைத்தார். கை நடுங்கவில்லை. நெடுநேரம் பார்த்தார். அது அடி எடுத்து வைக்கிற நேரத்தில் வெடி வைத்தார்.

மானுக்குப் பின்னால் இருந்த மரத்தின் பனி கொட்டுண்டது. மான் இரண்டே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. ஆர்வோ போய்ச் சுற்றிப் பார்த்தார். பனியில் இரத்தம் இல்லை, சுத்தமாகத் தவறிவிட்டது என்றார்.

"ஸ்கோப் அரக்கிட்டுது" என்றார் இவர். பூட்டின இடத்திலிருந்து விலகிவிட்டதாம்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நானே பூட்டி, நானே இறுக்கி, கோப்பைக்குள் அடங்கச் சுட்ட ஸ்கோப். "ஸ்கோப் அரக்கேல்லை. மான் நிக்கேக்கை சுடாமப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, நடக்க வெளிக்கிட்டாப் பிறகு இழுத்துப்போட்டியள்" என்றேன்.

இவர் தாங்கியின் ஆணியைப் பற்றிச் சொன்னார். நான் ஆணியை எப்படி இறுக்கினேன் என்று சொன்னேன். இவர் என் பிசின் வார்ப்பைப் பற்றி ஆரம்பித்தார். நான் இவருடைய கண்ணைப் பற்றிச் சொன்னேன். இவர் மூன்று வருடத்துக்கு முன்னால் நான் காரைக் கொண்டுபோய் இடித்ததை எடுத்தார். தமிழ் விளங்காத ஆர்வோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தச் சத்தத்துக்கு இன்றைக்கு இந்த மாவட்டத்திலேயே மான் நிற்காது, வீட்டுக்குப் போவோம் என்றார்.

ஆர்வோவின் ட்ரக்கில் வரும்போது நாங்கள் பேசவில்லை. நான் பின்னால் இருந்தேன், இவர் முன்னால். பாதையில் திரும்பும் இடத்தில் இவர் ஆர்வோவிடம் ஆங்கிலத்தில், அந்தக் கொட்டில் சரியில்லை, காற்று எங்கள் பக்கமிருந்து மானிடம் போகிறது என்றார். வடக்குப் பக்கத்து மேட்டில் புதிதாக ஒன்று அடிக்க வேண்டும், பலகை தன்னுடைய பொறுப்பு என்றார். அந்த மேட்டில் ஏறுவது கஷ்டம் என்றார் ஆர்வோ.

"அடுத்த வருடம் ஏறுவேன்" என்றார் இவர். பிறகு தலையைத் திருப்பாமலே எனக்குத் தமிழில் சொன்னார்: "வாற வருசம் ஸ்கோப்பை நான்தான் பூட்டுவன். நீர் தொடவேண்டாம்."

பாப்பம் என்றேன்.